பல் பதிந்த ரப்பர்

அல்சூர், பெங்களூர்
14-7-1964

அன்புள்ள பிலோமிக்கு,

மாதா புண்ணியத்தில் நான் சுகம். நீயும் அம்மாவும் பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. நீருக்குள் மூச்சுவிடும் கருவி ஒன்று எங்கள் பட்டறைக்குப் பழுதுபார்க்க வந்தது. வாயில் வைத்து இழுத்தால் காற்றோடு தண்ணீரும் வந்தது. மூச்சு வெளியேறும் இடத்து ரப்பரில் மணல் ஒட்டியிருந்தது, துடைத்து மாட்டினேன். பிறகும் தண்ணீர். மூன்று நாள் கழற்றி மாட்டி, பட்டறைத் தொட்டியில் நானே முங்கி முங்கிப் பார்த்தேன். மார்பளவுத் தொட்டிதான்.

கடைசியில் மேஸ்திரி ஆம்ப்ரோஸ், வாயில் கவ்வும் ரப்பரை விரித்துப் பார்த்துச் சிரித்தார். "யார் பல்லு மேன் இது? ஓட்டையே போட்டிருக்குது!"

என் பல்தான். தூத்துக்குடியில் சங்கு குளித்தபோது பல்லைக் கடித்து மூச்சடக்கியே பழகிய வாய். தண்ணீருக்குள் மூச்சு விடலாம் என்று அதற்கு யார் சொன்னது?

புது ரப்பர் போட்டு, மெதுவாகக் கவ்வி முங்கினேன். காற்று மட்டும் வந்தது. அன்றைக்குச் சங்கு குளிக்க இறங்கி மேலே வராமலே போன உன் அண்ணன் நினைவு வந்துவிட்டது. அதற்குமேல் உள்ளே இருக்க முடியவில்லை.

கடலில் இறங்க மாட்டேன் என்று உனக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது. தொட்டித் தண்ணீரில் உப்பே இல்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் கருப்பட்டி கொடுத்துவிடு. உன் பழைய சேலை ஒன்றும் வேண்டும், இங்கே குளிர். எதிரே தபால்காரர் பெட்டியைத் திறந்துவிட்டார், முடிக்கிறேன். சேலையைத் துவைத்துவிடாதே.

உன்
இஞ்ஞாசி