சீட்டில் உட்கார்ந்த ஆள் யார்?

மார்ச் 3

என் வீட்டுக்காரருக்கு, உங்கள் குண்டூசி எழுதுவது.

நான் நலம், தையல் மிஷினும் நலம். உங்கள் கடிதம் நேற்று வந்தது. நாலு பக்கம்! கல்யாணமான புதிதில்கூட நீங்கள் எனக்கு இவ்வளவு எழுதியதில்லையே என்று பூரித்துப்போய், கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் பக்கம் சிவப்பு வண்டி. இரண்டாம் பக்கம் அதன் இடுப்பு வளைவு. மூன்றாம் பக்கம் முதலாளியம்மா. நாலாம் பக்கத்தின் அடியில், இடம் மிச்சமிருக்கிறதே என்று, ‘நீ சாப்பிட்டாயா’ என்று ஒரு வரி. சாப்பிட்டேன் சாமி. அந்த ஒரு வரியிலேயே வயிறு நிறைந்துவிட்டது.

ஒரு மாத வேலை என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட்டு, அடிப்பக்கத்தைப் பிரித்துச் சேர்த்துக் கொடுத்தால் முடிந்தது என்றீர்கள். இப்போது ‘வண்டி தூக்கிப் போடாமல் ஓடுகிற அன்றைக்குத்தான் வருவேன், முதலாளியம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்’ என்கிறீர்கள். எனக்கும்தான் வாக்குக் கொடுத்தீர்கள். கொட்டகைக் கூரையில் அந்த ஓட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. வானத்தைப் பார்த்துக்கொண்டே சீட் கவர் தைக்கிறேன்.

சரி, ஒன்று கேட்கிறேன். இரண்டு சீட்டில் ஒன்றில் அந்தம்மா உட்கார்ந்து ஓட்டுகிறார். இன்னொன்றில் யார்?

கோபமெல்லாம் இல்லை. சும்மாதான். காலையிலிருந்து மூன்று ஊசி உடைந்துவிட்டது, நூல் சரியில்லை போலிருக்கிறது.

இப்படிக்கு,
பெரிய வீடு

*

மார்ச் 9

அன்புள்ள குண்டூசிக்கு,

இன்னொரு சீட்டில் நான்தான். வேறு யார்? சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க நான் பக்கத்தில் இருந்தாக வேண்டும். இதைப் போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நான் சொல்ல வந்ததை மறந்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டி என்னைத் தூங்கவிடவில்லை. ரோட்டில் ஒரு சின்னக் கல் கிடந்தால் போதும், முதுகெலும்பில் சுத்தியலால் அடித்தது மாதிரி இருக்கிறது. வளைவில் கொஞ்சம் மேடுபள்ளம் வந்துவிட்டால் பின்பக்கம் மிரண்ட கன்றுக்குட்டி மாதிரி துள்ளிப் பக்கவாட்டில் விலகுகிறது. டயர் பழசு, ரப்பர் கல்லாகியிருந்தது, மாற்றினேன். காற்றைக் குறைத்துப் பார்த்தேன். குலுக்கலைத் தாங்குகிற நாலு ஷாக்கும் புதிது. முன்பு யாரோ ஸ்பிரிங்கை வெட்டிவிட்டார்களோ என்று கழற்றி அளந்தும் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது. சக்கரத்தைப் பிடிக்கிற ஆர்ம்களில் ரப்பர் புஷ் எல்லாம் நானே புதிதாகப் போட்டேன். போட்ட பிறகு குலுக்கல் அதிகமாயிற்றே தவிரக் குறையவில்லை.

முதலாளியம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நான் ஒவ்வொன்றாகச் சொல்வதைக் கன்னத்தில் கை வைத்துக் கேட்கிறார். “அப்புறம்? அப்புறம் என்ன பண்ணீங்க?” என்கிறார். ஷாக்குக்குள் எண்ணெய் எப்படிப் போய்வருகிறது என்று நான் அரைமணி நேரம் சொன்னேன், கொட்டாவிகூட விடவில்லை. என் பேச்சை அப்படி ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

கூரை ஓட்டை நினைவிருக்கிறது. வந்ததும் முதல் வேலை அதுதான்.

உன்,
வீட்டுக்காரன்

*

மார்ச் 15

கொட்டாவி விடாத முதலாளியம்மாவின் மெக்கானிக்குக்கு,

கொட்டாவி விடுகிற பெண்டாட்டி எழுதுவது. அந்தம்மாவுக்குக் கன்னம் என்று ஒன்று இருப்பதையும் அதில் கை வைப்பதையும் தெரிந்துகொண்டேன். ரொம்பச் சந்தோஷம். ஷாக்கைப் பார்க்கப் போன இடத்தில் கன்னத்தை ஏன் பார்த்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். நான் படிக்காதவள், எனக்கு என்ன தெரியும்.

இங்கேயும் செய்தி உண்டு. ஒரு பஸ் டிரைவர் சீட் தைக்கக் கொடுத்திருக்கிறார். நல்ல மனுஷன். சிரித்தால் முத்துமுத்தாகப் பல்வரிசை. “உங்க தையல்ல உட்கார்ந்தா இடுப்பு வலியே தெரியலீங்க” என்றார். தினமும் வந்து சீட் ஆயிற்றா என்று கேட்கிறார். அவசரம் போலிருக்கிறது, பாவம்.

விளையாட்டு போகட்டும். இரண்டு நாளாக ஒரு விஷயம் தொண்டையில் முள்ளாக நிற்கிறது, கேட்டுவிடுகிறேன். நம் கொட்டகையில் நீங்கள் குழிக்குள் இறங்கி ஆர்ம் நட்டை முறுக்கும்போதெல்லாம் மேலே டிரைவர் சீட்டில் உட்காருவது யார்? நான். கல்யாணமான நாளிலிருந்து நான்தான். “வந்து உட்காரு, கனம் வேணும்”னு நீங்கள் கூப்பிட்டால், தைப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவேன். “எழுந்துடாதே குண்டூசி, இன்னும் ஒரு சுத்து இருக்கு!” என்று அடியிலிருந்து கத்துவீர்கள். “என் கனத்துக்கு வண்டி உங்க தலையில உட்காரப் போவுது, சீக்கிரம் முடிங்க!” என்று நான் கத்துவேன். தெருவில் போகிறவர்கள் நின்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

அங்கே நட்டு முறுக்கியபோது அந்தச் சீட்டில் உட்கார்ந்தது யார்? அந்தம்மா தானே? உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் அந்த வண்டியில் போகலாம், வரலாம், பக்கத்தில் உட்காரலாம். அதையெல்லாம் விழுங்கிவிடுவேன். ஆனால் அந்த இடம் என்னுடையது.

பதில் வரும்வரை குழியைப் பலகை போட்டு மூடியிருக்கிறேன். யாராவது விழுந்துவிடப் போகிறார்களே என்றுதான்.

குண்டூசி

*

மார்ச் 21

அன்புள்ள குண்டூசிக்கு,

உன் சந்தேகத்தில் இடி விழ. யாரும் உட்காரவில்லை! இங்கே குழியே கிடையாது. லிஃப்ட் இருக்கிறது. வண்டியின் உடம்பை அது ஆள் உயரத்துக்குத் தூக்கிவிடும், நாலு சக்கரமும் அந்தரத்தில் தொங்கும். நான் நின்றபடியே எல்லா நட்டையும் இறுக்கினேன். அவ்வளவு உயரத்தில் யார் ஏறி உட்காருவது? காக்காய்தான் உட்கார வேண்டும்.

இவ்வளவும் எழுதிவிட்டுப் பேனாவை வைத்தவன்தான். மறுபடி எடுப்பது மறுநாள் சாயங்காலம்.

சக்கரம் தொங்குகிறபோது இறுக்கினேன், குண்டூசி! நட்டை இறுக்கினால் அது ஆர்ம் புஷ்ஷின் ரப்பரை, இருக்கிற நிலையிலேயே கவ்விப் பிடித்துக்கொள்ளும். தொங்கும்போது கவ்விவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினால், ரப்பர் துணி பிழிந்தது மாதிரி முறுக்கிக்கொண்டுதான் நிற்கும். மேடு வந்தால் அதற்கு மேல் வளைந்துகொடுக்க அதனிடம் ஒன்றுமில்லை. அதனால்தான் அடி முதுகில் விழுந்தது, அதனால்தான் வளைவில் துள்ளியது. நம் குழியில் வண்டி தன் காலில் நிற்கும், மேலே நீ இருப்பாய், அதனால் இந்தத் தப்பு ஒருநாளும் நடந்ததில்லை. இறுக்குகிற பழக்கம் என் கையோடு வந்தது. உன்னை எதற்கு உட்காரவைத்தேன் என்ற காரணம் குழிக்குள்ளேயே தங்கிவிட்டது.

ஓடிப்போய் எல்லா நட்டையும் தளர்த்தினேன். சக்கரங்களுக்கு அடியில் உயரமாக மரக்கட்டை கொடுத்து வண்டியை அதன் காலில் நிற்கவைத்தேன். ஆள் உட்கார்ந்த பிறகு, மல்லாந்து அடியில் புகுந்து ஒவ்வொன்றாக இறுக்கினேன். இப்போது அதே ரோடு, அதே வளைவு. வண்டி தண்ணீரில் மிதக்கிற மாதிரி போகிறது.

முதலாளியம்மாவுக்கு ரொம்ப மகிழ்ச்சி. அவரிடம் இன்னும் இரண்டு பழைய வண்டிகள் இருக்கின்றன, இங்கேயே இருந்து பாருங்கள் என்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அந்தப் பஸ் டிரைவருக்கு எத்தனை சீட் தைக்க வேண்டும்? ஒரு சீட்டுக்கு எதற்குத் தினமும் வருகிறார்?

உன்,
வீட்டுக்காரன்

*

மார்ச் 26

அன்புள்ளவருக்கு,

வண்டி சரியானதில் மகிழ்ச்சி. நிஜமாகவே.

உங்கள் கடிதத்தை நாலு தரம் படித்தேன். ரப்பர் எப்படி முறுக்கிக்கொண்டது என்று விளக்கமாக எழுதியிருக்கிறீர்கள். கட்டை என்ன மரம் என்றுதான் எழுதவில்லை. ஆனால் ‘ஆள் உட்கார்ந்த பிறகு’ என்று ஒரு இடத்தில் எழுதிவிட்டு வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். ஆள் யார்? ஆளுக்குப் பேர் இல்லையா, முகம் இல்லையா? இரண்டு பக்கத்துக்கு வாய் மூடாமல் பேசுகிற மனுஷன், அந்த ஒரு இடத்தில் மட்டும் ஏன் மூடிக்கொண்டீர்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பேச்சை யாரும் கேட்டுப் பார்த்ததில்லை என்று எழுதினீர்களே, அதுதான் வலித்தது. கன்னத்தில் கை வைத்துக் கேட்க எனக்கு ஏது கை? ஒன்றில் துணி, ஒன்றில் கத்தரிக்கோல். ஆனாலும் கேட்டேன். ஷாக்குக்குள் எண்ணெய் சின்ன ஓட்டை வழியாக மெதுவாகப் போவதால்தான் வண்டி ஆடாமல் நிற்கிறது. இதை எனக்கு நீங்கள் குழியிலிருந்து சொன்னபோது வெளியே மழை. நான் “அப்போ அந்த எண்ணெயும் உங்களை மாதிரிதான், எதுக்கும் அவசரப்படாது”ன்னு சிரித்தேன். நான் சிரித்தது, கேட்டதால்தான்.

ஆள் யார் என்று மட்டும் எழுதுங்கள். எழுதப் பிடிக்கவில்லையென்றால் அந்த இரண்டு வண்டியையும் பார்த்துக்கொண்டு அங்கேயே இருங்கள். பலகையை ஆணி வைத்து அடித்துவிடுகிறேன்.

குண்டூசி

*

மார்ச் 31

குண்டூசிக்கு,

உட்கார்ந்தது முதலாளியம்மாதான். ஓட்டுகிறவர் கனத்துக்குத்தானே வண்டி அடங்க வேண்டும். வேறு வழியில்லை.

நான் அதை எழுதாததற்குக் காரணம் வெட்கம். நீ நினைக்கிற வெட்கம் இல்லை.

நான் அடியில் மல்லாந்து கிடக்கிறேன். அவர் மேலே உட்கார்ந்திருக்கிறார், சத்தமே இல்லை. பின்பக்கம் கடைசி நட்டு. அவர் ஏதோ எடுக்கக் குனிந்தார் போல, வண்டி லேசாக அசைந்தது. உடனே நான் பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி, “எழுந்துடாதே குண்டூசி, இன்னும் ஒரு சுத்து இருக்கு!” என்று கத்திவிட்டேன்.

பட்டறையில் சுத்தியல் சத்தம்கூட நின்றுவிட்டது. எனக்கு அப்படியே கட்டைக்கு அடியில் புதைந்துவிடலாம் போல இருந்தது. பதிலுக்கு மேலேயிருந்து ஒரு வசவு வரும் என்று என் காது காத்திருந்தது, குண்டூசி. வரவில்லை. “யாருங்க அது குண்டூசி?” என்று கேட்டார். சொன்னேன். கூரை ஓட்டை வரைக்கும் சொல்லிவிட்டேன். அவர் அதையும் கொட்டாவி விடாமல்தான் கேட்டார். ஆனால் எனக்கு அது போதவில்லை.

அந்த இரண்டு வண்டிக்கும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை வருகிறேன். ஆணி அடித்திருந்தால் நானே பிடுங்கிக்கொள்கிறேன்.

உன்,
வீட்டுக்காரன்

*

ஏப்ரல் 4

வருகிறவருக்கு,

இது உங்கள் கைக்குக் கிடைக்குமுன் நீங்களே வந்துவிடுவீர்கள். தெரிந்துதான் எழுதுகிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. எல்லோர் முன்னாலும் என் பேரைக் கத்தியிருக்கிறீர்கள், உங்களுக்கு இருக்கிறது. அந்தம்மா கனத்துக்கு அடங்கிய வண்டி என் கனத்தைத் தாங்காது, என்னை அதில் ஏற்றிக் காட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

பலகையை எடுத்துவிட்டேன். ஆணியெல்லாம் அடிக்கவில்லை.

அந்தப் பஸ் டிரைவருக்கு வாயில் ஒரு பல்கூடக் கிடையாது.

குண்டூசி