நீ பார்த்து வாங்கிக் கொடுத்த வண்டி

இன்று காலை சாத்தூர் ரோட்டில், பழைய கார் விற்கும் ஓர் இடத்தில் வெள்ளை வண்டி ஒன்றின் கதவைத் திறந்தேன். எலுமிச்சை சென்ட் வாசனை முகத்தில் அடித்தது. பூச்சி மருந்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நடுவில் ஒரு வாசனை அது. அந்தச் சென்ட் டப்பா இல்லாத கார் வியாபாரி இன்னும் இந்தப் பக்கம் பிறக்கவில்லை. எங்கள் அச்சகத்தில் பைண்டிங் பார்க்கும் பையன், முதல் முறையாகக் கார் வாங்கப் போகிறான். "அண்ணே, நீங்க வந்து பாருங்க, மதினி பாக்குற மாதிரி" என்று கூட்டிப் போயிருந்தான். அவனுக்கு வேண்டியது நீ. கிடைத்தது உன் புருஷன்.

உள்ளே உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தேன். நீ இழுப்பாயே, கிணற்றுக் கயிற்றை இழுப்பதுபோல, கடைசி முழம் வெளியே வரும்வரை. அந்தக் கடைசி முழத்தில் சேறு கோடாகக் காய்ந்திருந்தது. எங்கோ வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. சீட்டு, தரை, கூரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிடுகிறார்கள். சுருண்டு உள்ளே போகிற பெல்ட்டை மட்டும் யாரும் கழுவுவதில்லை. வேண்டாம் என்று பையனிடம் தலையசைத்தேன். "சார் விவரமான ஆளு" என்றார் வியாபாரி, சிரிக்காமல். அந்தப் பாராட்டை உன் சார்பில் வாங்கிக்கொண்டேன். வெளியே வந்த பிறகுதான் கண் கலங்கிற்று. சென்ட் நெடி என்று பையனிடம் சொன்னேன்.

உன் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நம் வீட்டில் கார்ப் பேச்சே வந்தது. மாதம் தவறாமல் மதுரைக்குப் போய்க் காட்ட வேண்டும். பஸ்ஸில் போனால் விருதுநகர் தாண்டுவதற்குள் உன் உதடு நீலம் பாய்ந்துவிடும். நடுவழியில் நின்றுபோகாத ஒரு வண்டி வேண்டும், பின்சீட்டில் நீ காலை நீட்டிப் படுக்க வேண்டும். அம்புட்டுதான் நம் தேவை. புது வண்டி நம் கைக்கு எட்டாது. பழையது என்றால் அதற்குரிய பொய்களையும் சேர்த்தே விற்கிறார்கள்.

கிளம்புவதற்கு முன்பே நீ ஒரு சட்டம் போட்டாய். "நமக்கு அவசரம்னு அவுகளுக்குத் தெரியக் கூடாதுங்க. தெரிஞ்சா எதையும் நம்ம தலையில கட்டிருவாக." சட்டம் போட்டவளே அதைக் காப்பாற்றவும் செய்தாய். தெருமுனையிலேயே ஆட்டோவை நிறுத்தச் சொல்வாய். மூச்சிரைப்பு அடங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பாய். முகம் துடைத்து, பவுடர் போட்டு, அதற்குப் பிறகுதான் இறங்கி நடப்பாய். கடைக்காரர்கள் ஓடிவந்து நாற்காலி போடுவார்கள். ஆஸ்பத்திரி மாடிப்படி ஏற முடியாமல் கீழ் வார்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கிய நர்ஸ் நீ. "இருக்கட்டும் தம்பி, நின்னே பழகிப்போச்சு" என்று சொல்லிவிட்டு வண்டியைச் சுற்றி வருவாய். நானே இரண்டொரு முறை உனக்கு உடம்பு தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் நாம் தெரிந்துகொண்ட பெரிய உண்மை, மதுரைக்குத் தெற்கே விற்பனைக்கு வருகிற அத்தனை பழைய கார்களையும் டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள் என்பது. அதுவும் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கும் மட்டும். ஒருவர் சாத்தூர் டாக்டரின் வண்டி என்றார். ஓடிய தூரம் காட்டும் மீட்டரும் அதற்கு ஏற்றாற்போல் அடக்கமாக இருந்தது. நீ குனிந்து பிரேக் மிதியைப் பார்த்தாய். ரப்பர் பழைய செருப்பு மாதிரி தேய்ந்து வழுவழுவென்று இருந்தது.

"சாத்தூர்ல எந்த டாக்டரு தம்பி? நான் இங்கன ரொம்ப வருசமா நர்ஸா இருக்கேன். எல்லாரையும் தெரியும்."

அவர் ஒரு கணம் யோசித்தார். "மாட்டு டாக்டரு, அக்கா" என்றார்.

"அதான பாத்தேன். மாடு இருக்குற ஊரெல்லாம் போயிட்டு வந்திருக்கு" என்று நீ எழுந்தாய்.

திருத்தங்கல் கடையில் நடந்ததை அச்சகத்தில் இன்னமும் என்னைச் சொல்லச் சொல்கிறார்கள். நல்ல பெரிய வண்டி, பின்சீட்டு நீளம். எனக்குப் பிடித்துவிட்டது, அது என் முகத்திலேயே தெரிந்துவிட்டது. பேப்பரை நாம் வாசித்து முடிப்பதற்குள் வியாபாரியின் ஆட்கள் வண்டிக்கு மாலை போட்டார்கள், சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்தார்கள், வாசலில் சரவெடியைக் கொளுத்தினார்கள். நம் பக்கத்தில் வண்டிக்கு வெடி போட்டுவிட்டால் அது வாங்கியதாக அர்த்தம். எதிர்க்கடைக்காரர் வந்து கை கொடுத்தார். டீக்கடையில் நின்றவர்கள் மிட்டாய் எங்கே என்றார்கள். அதற்குப் பிறகு வேண்டாம் என்பது மணவறையிலிருந்து எழுந்து போவதற்குச் சமம். பட்டாசு செய்து பிழைக்கிறவர்களைப் பட்டாசை வைத்தே மடக்குகிறார்கள். வேறு ஊர்க்காரன் எவனும் இதில் விழமாட்டான். நான் விழுந்தேன். பேனாவைத் திறந்துவிட்டேன்.

நீ மட்டும் புகைக்குள் போய், வண்டியின் முன்மூடியில் புறங்கையை வைத்தாய், வார்டில் குழந்தைகளின் நெற்றியில் வைப்பது மாதிரி.

"காய்ச்சல் அடிக்குதே. விடிஞ்சதும் எங்க போயிட்டு வந்துச்சு?"

நாம் வருவதற்கு முன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தார்கள். குளிர்ந்த இன்ஜினில்தான் நோய் தெரியுமாம். ஆறட்டும், அதற்குப் பிறகு நீயே சாவி போட்டுப் பார்ப்பதாகச் சொன்னாய்.

வியாபாரிக்கு முகம் மாறியது. "வெடி போட்டாச்சுல்லக்கா. இனிமே மாத்துனா அபசகுனம்."

"எங்க நாரணாபுரத்துல தெனமும் பட்டாசுக் கம்பெனிக்காரவுக வெடிச்சுப் பாக்காக தம்பி. வெடிக்கு ஒரு கார் வாங்குனா நிறுத்த எடம் வேணும்ல."

"நல்ல நேரம் முடியப் போகுதுக்கா."

நீ சுவரைக் காட்டினாய். "அந்தக் காலண்டர அடிச்சதே இவுகதான். அடுத்த வாரமும் நல்ல நேரம் போட்டிருக்காக."

இன்ஜின் ஆறியது. நீ சாவியைத் திருப்பினாய். வண்டி காசநோய்க்காரர் மாதிரி இருமியது, கறுப்பாகப் புகை விட்டது, அடங்கிவிட்டது. மிட்டாய் கேட்டவர்கள் டீக்கடைக்குத் திரும்பிப் போனார்கள். நீ நிமிர்ந்த தலையோடு தெருமுனைவரை நடந்தாய். முனை திரும்பியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாய். சிரிக்கிறாயா, மூச்சு வாங்குகிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் என்று கையைக் காட்டினாய்.

அதற்குப் பிறகு வந்த மதுரைப் பயணம் வாடகைக் காரில். டாக்டர் என்னை மாத்திரை வாங்கி வரச் சொன்னார். திரும்பி வந்தபோது நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"இனிமே மாசாமாசம் வர வேண்டாம்னுட்டாக. வாங்க, பசிக்குது."

எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்றைக்கு அளவுக்கு மீறிச் சாப்பிட்டேன். நீ உன் இட்லியையும் என் பக்கம் தள்ளிவிட்டாய். மதுரைக்கு வர வேண்டாம் என்றால் கார் எதற்கு என்று கேட்டேன். "ஒங்களுக்கு வேலைக்குப் போக வர வேணாமா? ஆச வந்திருச்சு, வாங்கிருவோம்" என்றாய். நியாயமாகத்தான் பட்டது.

மறுபடி தேடக் கிளம்பினோம். நீ பின்கதவைத் திறப்பதையே விட்டுவிட்டாய். பின்சீட்டு நீளமெல்லாம் போயிற்று. சின்ன வண்டியாகத் தேடினாய். ஓட்டுகிற சீட்டில் என்னை உட்காரவைத்து, முதுகு வலிக்கிறதா, பின்னால் வருவது கண்ணாடியில் தெரிகிறதா என்று கேட்டாய். நம் சந்துக்குள் திருப்பும்போது பின்னால் நின்று வரலாம், வரலாம் என்று சொல்வது உன் வேலையாக இருக்கும் என்றேன். "அதெல்லாம் வேணாம். ஒத்தையாளாத் திருப்ப முடியுதான்னு பாருங்க" என்றாய். கடைசியில் கடைகளை விட்டுவிட்டு, விருதுநகரில் ஓய்வு பெற்ற ஒரு வாத்தியாரிடம் நேராகவே வாங்கினோம். ஏசி மந்தம், இடது கதவில் கீறல் என்று நாம் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார். "தன் குறையத் தானாச் சொன்ன மொத ஆளு இவுகதான். எடுத்துக்கிடுவோம்" என்று என் காதருகே சொன்னாய். யாரும் வெடி போடவில்லை.

அந்த வண்டியில் உன்னை மதுரைக்குக் கூட்டிப் போனது ஒரே ஒரு தடவை. வழியில் எங்கும் நிற்கவில்லை. சொன்ன வேலையைச் செய்தது. திரும்பும்போது உன்னை வேறு வண்டியில் ஏற்றினார்கள். நான் பின்னால் ஓட்டி வந்தேன். முதுகு வலிக்கவில்லை. கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. சந்துக்குள் திருப்ப ஆள் தேவைப்படவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, உன்னோடு வேலை பார்த்த நர்ஸ் பெண் ஒருத்தி வந்திருந்தாள். பேச்சுவாக்கில், "ஒங்ககிட்டச் சொல்லலையாண்ணே? ஆப்பரேசன் தாங்காதுன்னு டாக்டர் அன்னைக்கே கைய விரிச்சுட்டாரே" என்றாள். இனிமேல் வர வேண்டாம் என்று அவர் சொன்னதும் அன்றைக்குத்தான். கை தேர்ந்த வியாபாரி பொய் சொல்வதில்லை. உண்மையில் பாதியை மட்டும் எடுத்து வைப்பான். நாற்காலியை மறுத்து அத்தனை கடைகளில் நின்றவள், அதே நிமிர்வோடு வீட்டிலும் என் முன்னால் நின்றிருக்கிறாய். அந்தத் தேடலில் நான் சோதித்துப் பார்க்காமல் எடுத்துக்கொண்டது உன் ஒரு வாக்கியத்தை மட்டும்தான்.

வண்டி நன்றாக இருக்கிறது. ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லி அடிக்கடி மெக்கானிக்கிடம் விடுகிறேன். ஒண்ணுமில்ல சார், தங்கமான வண்டி என்று அவரும் திருப்பித் தந்துவிடுகிறார். ஏமாந்தவர்கள் எல்லாருக்கும் போய்ச் சத்தம் போட ஒரு கடைவாசல் இருக்கிறது. நான் யாரிடம் போக? எதை வைத்துச் சண்டை போட? ஒரு குறையும் இல்லாமல் அல்லவா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். உன்னோடு போட வேண்டிய அந்தச் சண்டையைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு, நாரணாபுரத்துக்கும் அச்சகத்துக்கும் தினமும் போய் வருகிறேன். அதை இறக்கி வைக்கத்தான் இடம் இல்லை.