மேலவீதியில் ரிசல்ட் பார்த்த செல்போன்

கிள்ளை,
ஜூலை 2012

அன்பு மகள் இசைவாணிக்கு உன் அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், ஹைதராபாத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாக இருக்க வேண்டும். கையில் போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், மீதியை அப்பா பிடுங்கிச் சொல்லிவிடுவார், அதனால்தான்.

பயப்படாதே, சந்தோஷமான சேதிதான். நான் பத்தாவது பரீட்சை எழுதியிருந்தேன். அங்கன்வாடியில் இத்தனை வருஷமாக உதவியாளராகச் சோறு ஆக்கிப் போடுகிறேன், பாதி நாள் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும்கூட நான்தான். ஆனாலும் டீச்சர் வேலைக்கு மனுப் போட பத்தாவது பாஸாகியிருக்க வேண்டுமாம். போன தடவை கணக்கில் போய்விட்டது. இந்தத் தடவையும் போனால் இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன், அதனால்தான் உன்னிடம் மூச்சு விடவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

ரிசல்ட் அன்று, என்னோடு பரீட்சை எழுதிய லோகநாயகியும் நானும் மினிபஸ் பிடித்துச் சிதம்பரம் போனோம். மேலவீதி பிரௌசிங் சென்டர் வாசலில் நல்ல கூட்டம், உள்ளே கரண்ட் இல்லை. சாயங்காலம் ஆகும் என்றார்கள். லோகநாயகிதான், "உம் பொண்ணு போன்லயே தேடுறாப்ல ஏதோ செஞ்சி குடுத்துச்சின்னியே, எடுக்கா அத" என்றாள். உங்கள் ஆபீஸில் செய்கிற, போனிலேயே இன்டர்நெட்டில் தேடும் பக்கத்தைப் பழகிப் பார்த்து, எங்கே தடுமாறுகிறேன் என்று சொல்லச் சொல்லி நீ நச்சரித்தாயே, எனக்குத் தேட என்னடி இருக்கிறது என்று அதுவரை தொடவே இல்லை. அன்றுதான் திறந்தேன். 'என்ன வேண்டும்?' என்று கேட்டது. சன்னதியில் நின்ற பழக்கமோ என்னவோ, என் பெயர், திருவோண நட்சத்திரம், மகர ராசி என்று வரிசையாக அடித்துவிட்டேன். அதுவும் சளைக்காமல் ராசிபலனைக் கொண்டுவந்து, பேச்சில் நிதானம் தேவை என்றது. லோகநாயகி விழுந்து விழுந்து சிரித்தாள். "அர்ச்சனையா பண்ற? ரிசல்ட்டுன்னு போடுக்கா" என்றாள்.

எஸ் வருவதற்கு ஒரே பொத்தானை எத்தனை தடவை அமுக்குவது, அதுவும் அடுத்தடுத்து இரண்டு எஸ்! திட்டிக்கொண்டே எஸ்.எஸ்.எல்.சி. என்று முடித்தேன், தனித்தேர்வர் ரிசல்ட்டா என்று கீழே அதுவே கேட்டது. ஆமாம் தாயே என்று ஒரே அமுக்கு. எழுத்து பெரிதாக, பக்கவாட்டில் தள்ளாமல் படிக்க முடிந்தது, நம்பர் போடும் கட்டமும் கண்முன்னாலேயே நின்றது. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் என்னைச் சூழ்ந்துகொண்டது. லோகநாயகி பாஸ். குமராட்சியிலிருந்து கைக்குழந்தையோடு வந்த பெண் பாஸ். லால்பேட்டை பாய் ஒருவருக்கு இங்கிலீஷில் போய்விட்டது, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நானே தைரியம் சொன்னேன். ஒரு தடவை சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டேன், எல்லாம் மறைந்து போயிற்று, அதற்கு மட்டும் ஏதாவது வழி செய். மற்றபடி எங்கே தடுமாறினேன் என்றால், என் நம்பரில்தான். எல்லோருக்கும் பார்த்துச் சொன்னவளுக்குத் தன் நம்பரை அடித்துவிட்டுக் கடைசிப் பொத்தானை அமுக்க விரல் வரவில்லை. பேட்டரி தீரப்போகிறது என்று லோகநாயகி என் விரல்மேல் தன் விரலை வைத்து அமுக்கிவிட்டாள்.

பாஸ்டி! கணக்கில் நாற்பத்தொன்று. நடுவீதியில் நின்று அழுதேன், வெட்கமே இல்லை. என் பெண் செய்த பக்கம் இது என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னேன். அப்பா பிச்சாவரத்தில் படகில் ஏறுகிறவர்களிடமெல்லாம், "எங்க வூட்டம்மா பத்தாவது பாஸு" என்று சொல்லித் துடுப்புப் போடவே மறந்துவிடுகிறாராம். திங்கட்கிழமை மனுக் கொடுக்கப் போகிறேன்.

கண்ணை ரொம்பக் கெடுத்துக்கொள்ளாதே, சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. உன் கூட வேலை செய்கிறவர்களுக்கும் நான் நன்றி சொன்னதாகச் சொல். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், கண்ணு. கையெழுத்தை ஒரு தாளில் பலதடவை போட்டுப் பழகிவிட்டு, இதில் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சு. அமராவதி, எஸ்.எஸ்.எல்.சி.