கறுப்பு வயரைக் கழற்றும் நேரம்

இன்று காலையில் கடை முன்னால் ஒரு புது வண்டி வந்து நின்றது. கோயில் வாசலில் பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறார்கள். டயரில் ஒட்டியிருந்த பழத்தின் வாசனை மூக்கில் ஏறியதும், பெஞ்சிலிருந்து எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நீ போனபிறகும் உன்னிடம் பேசிக்கொண்டுதான் கடையைத் திறக்கிறேன், அடைக்கிறேன். இன்றைக்கு எழுதவேண்டும் போலிருக்கிறது.

கல்யாணத்துக்கு முன் விசைத்தறியில் வேலை பார்த்தவள் நீ. என்னைக் கட்டிக்கொண்ட பிறகு, எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த சாக்கில் கடையில் உட்கார்ந்து, கார்களுக்குப் பாட்டுப்பெட்டி மாட்டுகிற வேலையை நீயாகவே பிடித்துக்கொண்டாய். அறுந்த இழைகளை முடிந்து பழகிய விரல்களுக்கு டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர் கோப்பது பெரிய காரியமாக இல்லை. ஆனால் பிடிவாதக்காரி. பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றாமல் எந்த வண்டியிலும் கை வைக்கமாட்டாய்.

"தறிய நிப்பாட்டாம இழைக்கு முடிச்சுப் போடமாட்டோம். இதுவும் அப்படித்தாங்க" என்பாய். ஹார்ன் மாற்றக்கூடவா என்று நான் கேலி பேசுவேன். நீ ஸ்பேனரை நீட்டுவாய்.

எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியிலிருந்து ஒரு குடும்பம் வந்ததே, அதையேதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் பூசை போட்ட புது வண்டி. பாட்டுப்பெட்டியும், அதை ஸ்டியரிங்கிலிருந்தே இயக்குகிற பட்டன்களும் மாட்டவேண்டும். நான் பானட்டைத் தூக்கி ஸ்பேனரை வைத்ததும், வீட்டுப் பெரியவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"இப்பதான் பூசை போட்டு உசுரு குடுத்துக் கொண்டாந்திருக்கோம். அதுக்குள்ள உசுரப் புடுங்குதீயளே."

"கழத்தாம மாட்டுங்கக்கா. பக்கத்துக் கடையில அப்படித்தான் மாட்டுதாங்க" என்றான் மகன்.

அந்தக் காலத்தில் நம் கடைக்குப் புது வண்டி வருவதே அபூர்வம். விட்டால் போய்விடுவார்கள். நான் உன்னைப் பார்த்தேன். நீ குரலை உயர்த்தவில்லை.

"வண்டிக்கு உசுரு திரும்பக் குடுத்துரலாம் ஐயா. உள்ள தலைய விட்டு வேல பாக்கப்போறது நானு. என் மூஞ்சி போச்சுன்னா எந்தக் கடையில வாங்கித் தருவீய?"

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ அவரை ஸ்டியரிங் பக்கம் கூட்டிப்போய்க் காட்டினாய். "இதுக்குள்ள ஒரு பைய மடிச்சு வச்சிருக்காவ. வண்டி மோதுனா அது வெடிச்சு விரிஞ்சு ஆளக் காப்பாத்தும். கரண்டு இருக்கும்போது நான் வயரத் தப்பாத் தொட்டு வெடிச்சா, எதுத்தாப்ல இருக்க என்னையத்தான் அடிக்கும்."

அவர் என் கையை விட்டார். நான் கறுப்பு வயரைக் கழற்றித் துணியைச் சுற்றினேன். மிச்சக் கரண்டு அடங்கட்டும் என்று நீ வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாய். மகன் பொறுமையில்லாமல் மணி பார்த்துக்கொண்டிருந்தான். நீ பெரியவரிடம் அந்த வருடத்து எலுமிச்சை விலையை விசாரித்துக்கொண்டிருந்தாய்.

வேலை முடிந்ததும் நீ செய்ததுதான் என்னை இன்றுவரை அசத்துகிறது. "ஐயா, நல்ல நேரம் பாத்து நீங்களே மாட்டுங்க" என்று அவரைக் கூப்பிட்டாய். அவர் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தார். ராகுகாலம் முடியட்டும் என்றார். காத்திருந்தோம். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, வயரைப் பேட்டரிமேல் வைத்து அழுத்தினார். சின்னதாக ஒரு பொறி. வண்டியின் விளக்குகள் ஒருமுறை கண் சிமிட்டின. உள்ளே கடிகாரம் பன்னிரண்டிலிருந்து புதிதாக ஓட ஆரம்பித்தது.

"இப்பப் பொறந்திருக்குல்லா" என்றார்.

எனக்கு அன்றைக்குப் புல்லரித்தது. முடியாது என்று சொல்லியும் ஒரு மனிதரை இப்படிக் கௌரவிக்க முடியுமா? நானாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன், அல்லது பயந்து தலையாட்டியிருப்பேன். அதற்கப்புறம் குருவிகுளத்திலிருந்தெல்லாம், வண்டிக்காரர் கையாலேயே வயரை மாட்டச் சொல்லும் கடை என்று கேட்டு வந்தார்கள். நீ காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமல் போனபிறகும் வருகிறார்கள்.

இன்று காலை அந்தப் புது வண்டியில் வந்தவனும் அவசரக்காரன். மாமனார் வீட்டுக்குப் போகவேண்டுமாம். "செட்டிங்கெல்லாம் அழிஞ்சிரும் அண்ணாச்சி, கழத்தாம மாட்டிருங்க" என்றான். ஏர்பேக், கரண்டு என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"கழத்தணும் தம்பி. உள்ள ஆள் இருக்கு."

அவன் குனிந்து ஸ்டியரிங்குக்குக் கீழே பார்த்தான். யாரும் இல்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். பிறகு அவனே போய் பானட்டைத் திறந்துவிட்டான்.