தங்கை கொடுக்க வந்த சிறுநீரகம்

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. பதில் தெரிந்தே ஆக வேண்டும் என்று கேட்கிறேன்.

உன் அண்ணனின் அடக்கத்துக்கு நீ வராததை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று விட்டுவிட்டேன். அவருடைய கம்பெனிச் சட்டைகளை, அவரோடு வேலை பார்த்தவர் வந்து வாங்கிப்போனார். கிரீஸ் கறை படிந்த ஒன்றை மட்டும் நான் கொடுக்கவில்லை. துவைக்கவும் மனம் வரவில்லை.

டயாலிசிஸ் படுக்கையிலும் அவருக்கு வாய் அடங்கவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் பயந்து அழுதபோது, "நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க. மேல போறதும் பழக்கம், நடுவுல மாட்டிக்கிறதும் பழக்கம்" என்றார். அந்த மனிதர் சிரித்தேவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனுக்கு ஒரு சிறுநீரகம் தருகிறேன் என்று ஓடி வந்தாய். பரிசோதனைக்கு ரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினாய். முடிவு வந்ததும் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். உனக்கும் சர்க்கரை தொடங்கிவிட்டது, சிறுநீரில் புரதம் கசிகிறது, நீ தானம் செய்யும் பேச்சுக்கே இடமில்லை என்றார். சர்க்கரை உள்ள எல்லோருக்கும் சிறுநீரகம் கெடுவதில்லையாம். சில குடும்பங்களில் அது சீக்கிரம் பழுதாகும் தன்மை மரபணுவோடு இறங்கி வருகிறதாம். உங்கள் அப்பா, பெரியப்பா, அப்புறம் இவர். ஆனால் தொடக்கத்திலேயே பிடித்து, சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் கட்டுக்குள் வைத்து, மருந்தை விடாமல் இருந்தால் பல வருடம் காப்பாற்றலாம் என்றும் சொன்னார். இவர் முதன்முதலில் டாக்டரைப் பார்த்ததே கால் வீங்கிய பிறகுதானே.

அவருக்கு இருந்த ஒரே வழியும் அந்த அறையில் அடைபட்டது. அதற்காக அவர் அழவில்லை. வெளியே வந்து ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, "இவளுக்குமா?" என்று கேட்டு அழுதார். போகிறவர் வருகிறவரெல்லாம் ஒதுங்கி நடந்தார்கள்.

அன்றே உன்னிடம் போனில் சொன்னார். "என் கிட்னி வேணாம்னா வேணாம்னு சொல்லுண்ணா. எனக்கு வியாதின்னு கதை கட்டாத" என்று வைத்துவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. உடம்பில் ஒரு வலியும் இல்லாதவளிடம் நோய் என்றால் எப்படி நம்புவாய்? அதற்கப்புறம் அவர் எத்தனையோ முறை கூப்பிட்டார். நீ எடுக்கவில்லை. உன்னைத் திட்டினேன்; என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

கடைசியாகத் தெளிவோடு பேசிய அன்று, தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "குட்டி டாக்டரைப் பாத்தாளா?" என்றார். பார்த்தாள் என்றேன். மருந்து சாப்பிடுகிறாள், இப்போது எல்லாம் கட்டுக்குள் இருக்கிறதாம் என்றும் சேர்த்துச் சொன்னேன். என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் தூங்கினார்.

குட்டிம்மா, அவரிடம் நான் சொன்ன அந்தப் பொய்யை நீ மெய்யாக்கித் தர வேண்டும். நாளைக்கே போ. எங்கள்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். தலை நரைத்து, பல் விழுந்து, கிழவியாகும்வரை இருந்து கோபித்துக்கொள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணி