பேருக்குரியவர் வர வேண்டும்

நிக்கோயா,
3 மார்ச் 2022

கிரேட்டலுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க மனம் வரவில்லை. நேராகவே கேட்கிறேன். என் மகள் யோர்லெனிக்கு நான் பஸ்ஸில் போட்டுவிட்ட பார்சல் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்திருக்கிறது. சோளமாவில் சுட்ட ரொஸ்கில்லா, எல்லாம் பூசணம். அம்மா கையால் செய்தது அவள் வாய்க்குப் போகக்கூடாது என்று பார்க்கிறாயா? போன் செய்தால், "தூங்குறா" என்கிறாய். இங்கே இருந்தவரை கல்லு மாதிரி இருந்த பெண். உன்னைக் கட்டிக்கொண்டு ஒன்றரை வருடத்தில் படுத்த படுக்கை. அவளுக்கு என்ன மருந்து கொடுக்கிறாய்?

எர்மெலிந்தா

சான் ஹோசே,
9 மார்ச்

அன்புள்ள அத்தைக்கு,

கோபத்தோடாவது எழுதினீர்களே, அதுவே சந்தோஷம். பார்சலை வாங்க மூன்று தடவையும் போனேன். பஸ் கவுன்ட்டரில் இருக்கும் பெண், "மேல யோர்லெனின்னு இருக்கு. பேருக்குரியவங்கதான் அடையாள அட்டையோட வரணும்" என்றாள். "நான் அவ பொண்டாட்டிம்மா" என்றேன். "யாரா இருந்தா எனக்கென்ன?" என்று அனுப்பிவிட்டாள். எழுந்து நிற்கவே முடியாதவள் எப்படி வருவாள்?

கல்லு மாதிரியா இருந்தாள், அத்தை? பதின்மூன்று வயதிலிருந்து மாதாமாதம் சுருண்டு படுத்தவளுக்குச் சீமைச்சாமந்திக் கஷாயம் கொடுத்தீர்களாம். டாக்டர்கள் நரம்புத் தளர்ச்சி என்றார்கள். ஒருவர் என் முன்னாலேயே, "ஒரு புருஷனைப் பாரும்மா, பிள்ளை பெத்தா சரியாப் போயிடும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரம்! ஐந்தாவது டாக்டர்தான் கண்டுபிடித்தார். எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு மாதிரி ஒன்று வெளியே வளர்ந்து குடலோடு ஒட்டியிருக்கிறதாம். 31ஆம் தேதி ஆபரேஷன். ஒரு சினைப்பையையும் எடுக்க வேண்டி வரலாம்.

கிரேட்டல்

நிக்கோயா,
14 மார்ச்

கிரேட்டலுக்கு,

யாருக்கு யார் அத்தை? சினைப்பையை எடுக்கச் சொன்னது நீதானே? ஒரு பிள்ளை பெற்றால் என்னிடம் திரும்பி வந்துவிடுவாள் என்ற பயமா? பெற்றவளைக் கேட்காமல் யார் கையெழுத்துப் போட்டது? இங்கே வக்கீலைப் பார்த்தேன். "அவங்க கல்யாணம் சட்டப்படி செல்லும்மா. உங்க பொண்ணால சொல்ல முடியாமப் போனா, பொண்டாட்டியைத்தான் கேப்பாங்க" என்றான். அவனும் உங்கள் கட்சி போலிருக்கிறது.

அவள் தன் கையால் எழுதட்டும். அதுவரை ஒரு வார்த்தைகூட நம்பமாட்டேன்.

எர்மெலிந்தா

சான் ஹோசே,
18 மார்ச்

அத்தை,

திட்டுங்கள், அப்படித்தான் கூப்பிடுவேன். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று யோர்லெனிதான் கையெழுத்துப் போட்டாள். மயக்கத்தில் இருக்கும்போது அவசரம் என்றால் யாரைக் கேட்பது என்று நர்ஸ் விசாரித்தாள். "நீங்க அவங்களுக்கு யாரு?" "பொண்டாட்டி." "சரி, இங்க போடுங்க." அவ்வளவுதான். பெண்ணுக்குப் பெண் பொண்டாட்டி என்று எழுதும் அந்த ஒரு வரிக்காக எத்தனை பேர் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தார்கள்! எனக்கோ பக்கத்தில் பெரியவர்கள் யாராவது இருந்தால் தேவலை என்றிருந்தது. நான் யாரென்று ஆஸ்பத்திரிக்குத் தெரிகிறது. பஸ் கவுன்ட்டருக்கும் உங்களுக்கும்தான் தெரியவில்லை.

கீழே அவள் எழுதியிருக்கிறாள்.

கிரேட்டல்

அம்மா, வலி தாங்கல. துண்டைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். இவளைத் திட்டாதே. – யோர்லெனி

நிக்கோயா,
23 மார்ச்

கிரேட்டல்,

துண்டைக் கடித்துக்கொண்டு நானும் படுத்திருக்கிறேன், வருடக்கணக்காக. பெண்ணாய்ப் பிறந்தால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அவளுக்கும் அதையே சொன்னேன்.

உன்மேல் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. ரொஸ்கில்லாவை எண்ணித்தான் வைத்திருக்கிறேன், பாதியை நீயே தின்றுவிடாதே. புதன்கிழமை காலை பஸ். பார்சல் மேலே உன் பேரைத்தான் எழுதியிருக்கிறேன். அடையாள அட்டையை மறக்காமல் எடுத்து வா.

அதே பஸ்ஸில் நானும் வருகிறேன். இரண்டையும் நீயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.

அத்தை