முப்பத்து நாலு கிலோவும் ஒரு நாற்காலியும்

வட்டகொடை,
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தனுஜாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

இங்கே நானும் அப்பாவும் பூனையும் சுகம், கூரை ஓட்டையும் போன வருடம் இருந்த அளவிலேயே சுகமாக இருக்கிறது. அங்கே டோஹாவில் நீயும், அறையில் உன்னோடு இருக்கும் பிள்ளைகளும், நீ வேலை செய்யும் ஹோட்டலும் நலமாக இருக்க முருகன் துணை. முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டு விடுகிறேன், பிறகு எழுதுவது எனக்கு லேசாக இருக்கும். பெப்ரவரி மாதம் முழுக்க வீடியோவில் நீ என்னைப் பார்த்தபோதெல்லாம் நான் நடந்துகொண்டே இருந்தேன் அல்லவா, லயத்து வீட்டு வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, அங்கிருந்து குழாயடி, குழாயடியிலிருந்து பழனியாண்டி வீட்டுக் கோழிக்கூடு. அம்மா ஒரு எடத்துல நில்லுங்கம்மா, எனக்குத் தலை சுத்துது என்று நீ கேட்டாய், சிக்னல் இல்லை மகள் என்று நான் சொன்னேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. டவர் நம் லயத்துக்கு நேர் மேலேதான் நிற்கிறது என்பதை நீ மறந்துபோனது என் அதிர்ஷ்டம். இதையெல்லாம் போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று திருத்துவார், அதனால்தான் கடிதம். கடை வைத்திருக்கும் பைஸர் முதலாளியின் மகன் நுஸ்கி வியாழக்கிழமை அங்கே வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறையை நான்கு பக்கமும் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன், பிரிந்திருந்தால் அவனைக் கேள்.

மூன்று வருடத்துக்கு முன் தேயிலை ஸ்டோரில் ஊதுகிற சங்கு என் பெயரைச் சொல்லித்தான் ஊதுகிறது என்று நான் காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக் களத்தில், இருநூறு பேருக்கு முன்னால் சண்டை பிடித்ததும், அதற்கப்புறம் கிளினிக்கில் மாத்திரை தந்ததும் உனக்குத் தெரியும். பொங்கல் கழிந்து சங்கு மறுபடியும் லேசாகக் கூப்பிட ஆரம்பித்தது. நான் நல்ல பிள்ளையாகப் போய்ச் சொன்னேன், டொக்டர் நோனா, நல்ல அம்மா, மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். சங்கு அடங்கியது. அடுத்த இரண்டு கிழமைக்குள், பதினாலு நாள்கூட ஆகவில்லை, கால்கள் ஆரம்பித்துவிட்டன. வலி இல்லை, அரிப்பு இல்லை, மரத்துப்போகவும் இல்லை. யாரோ வாசலில் நின்றுகொண்டு வா வா நேரமாச்சு என்று அவசரப்படுத்துகிற மாதிரி, அதுவும் எலும்புக்குள் நின்றுகொண்டு. உட்கார்ந்தால் எழும்பச் சொல்லும், எழும்பினால் நடக்கச் சொல்லும், நடந்தால் கொஞ்சம் சும்மா இருக்கும், நின்றால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். மூக்கன் தாத்தா செத்த வீட்டில் நான் பதினாறு தரம் எழும்பி உட்கார்ந்தேன். பெத்த மகள்கூட இப்படித் தவிக்கல என்று சனங்கள் என்னைப் பற்றி உருகிப் பேசினார்களாம். அந்தக் கிழவனுக்கும் எனக்கும் பத்து வருடமாகப் பேச்சே இல்லை என்பது உனக்குத் தெரியும். அப்பா என்னடாவென்றால் ஒனக்குப் பயம் புள்ள, பயந்தான் காலுக்கு எறங்கிருச்சி என்றார். நானும் நம்பினேன். நோய்தான் காது வழியாகப் போக முடியாமல் கால் வழியாக வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். மாத்திரையினால் வரும் என்று நினைக்கவே இல்லை, மாத்திரை நல்லது செய்ய வந்ததுதானே.

இதில் ஒரு லாபம் இருந்தது, அதுதான் என்னைக் கெடுத்தது. மலையில் யாரும் உட்காரச் சொல்வதில்லை. இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு தேயிலை நிரையில் ஏறினால் கால் கேட்கிற அளவுக்கு நடக்கலாம். நான் தேத்தண்ணி நேரத்திலும் நிற்கவில்லை, மற்றவர்கள் ரொட்டியைப் பிட்டு வாயில் வைக்கும்போது நான் அடுத்த நிரையில் இருந்தேன். உன் அம்மாவின் கொழுந்து எப்போதும் பதினேழு கிலோ, பதினெட்டு போட்டால்தான் முழு நாள் சம்பளம், முழுப் பேர் என்பதால் அந்த ஒரு கிலோவுக்காகக் கணக்கப்பிள்ளையிடம் பல்லைக் காட்டுவதே என் தினசரி வேலை. அந்த நான் மார்ச் மாதத்தில் ஒருநாள் முப்பத்து நாலு கிலோ நிறுத்தேன். கணக்கப்பிள்ளை தராசை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார், பிறகு என் சாக்கில் கல் இருக்கிறதா என்று பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பெண்டுகளுக்கு முகம் கறுத்துவிட்டது. லயத்தில் அடுத்த காம்பரா வீரம்மா இருக்கிறாளே, அவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மதினி, நீங்க ஒரு ஆளு ஆடுற ஆட்டத்துல நாளைக்குத் தோட்டத்துத் தொரை நம்ம எல்லாருக்கும் முப்பது கிலோன்னு எழுதிப்புடுவாரு, அப்ப ஒங்க வீட்டு வாசல்ல வந்துதான் ஒப்பாரி வைப்போம் என்றாள். பேச்சியம்மா ஒருபடி மேலே போய், குழாயடியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அக்கா, அந்த மாத்திரையில எனக்கும் ஒண்ணு தாங்களேன் என்றாள். இது தேயிலைக்குப் போடுற உரம் இல்லடி, எனக்குப் போடுறது என்று சொல்லி அனுப்பினேன். நான் மட்டும் சாப்பிட்டு முன்னேறப் பார்க்கிறேன் என்று அவளுக்கு இன்னும் கோபம்.

அந்த மாதம் அதிகக் கொழுந்து எடுத்தவர் என்று எனக்குப் பரிசு. ஆபீஸ் வாசலில் எல்லோரையும் கூட்டி, தொரையே வந்து, கைவைத்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை ரிப்பன் கட்டிக் கொடுத்தார். கொடுத்ததோடு விட்டிருந்தால் நான் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன், அன்றைக்கு ஓட்டம் எனக்குப் பிரச்சினையே இல்லை. அதில் உட்காருங்க அம்மா, போட்டோ எடுக்கணும் என்றார்கள். உட்கார்ந்தேன். போனை எடுத்தவர் பொத்தானை அமத்துவதற்குள் எழும்பிவிட்டேன். மறுபடி உட்காரச் சொன்னார்கள், மறுபடியும் எழும்பினேன். மூன்றாம் தரம் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து உட்கார்ந்தேன், கால் இரண்டும் தரையில் தாளம் போட்டன, பின்னால் யாரோ சிரித்தது கேட்டது, அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், தொரையும் சிரித்தார். அந்தப் படம் இப்போதும் ஆபீஸ் பலகையில் இருக்கிறது. நாற்காலி தெளிவாக விழுந்திருக்கிறது, அதற்கு மேல் புகை மாதிரி ஒரு சேலை, கீழே என் பெயர்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், நடந்துகொண்டேதான் அழுதேன். அன்றோடு மாத்திரையை விட்டுவிட்டேன். அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று ஒவ்வொரு நாள் மாத்திரையையும் கொத்தமல்லி டின்னுக்குள் போட்டேன். ஐந்தாம் நாள் கால் அமைதியானது. டொக்டர் நோனாவை விட நான் படித்தவள் என்று எனக்குள் ஒரு பெருமை. எட்டாம் நாள் சங்கு என் பெயரில் முதல் எழுத்தை மட்டும் சொன்னது. பத்தாம் நாள் முழுப் பெயரும், என் அப்பா பெயரையும் சேர்த்து, சரியாகச் சொன்னது. அதற்கப்புறம் உன் அப்பா தேத்தண்ணியில் ஏதோ கலக்கிறார் என்று தோன்றியது. மூன்று நாள் அவர் போட்ட தேத்தண்ணியைக் கழிவுக் கானுக்குள் ஊற்றினேன். அவர் ஆக்கிய சோற்றைத் தொடவில்லை. அவர் என் சோற்றுக் கோப்பையிலிருந்து முதல் கவளத்தைத் தான் சாப்பிட்டுக் காட்டிவிட்டு, இந்தா, இப்ப சாப்பிடு என்று என் பக்கம் தள்ளினார். அப்போதும் நான் சாப்பிடவில்லை. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை மகள், அதனால் வேகமாகக் கடந்துபோகிறேன்.

ரசம் வைக்கலாம் என்று டின்னைத் திறந்தது அப்பாதான். மாத்திரைகளை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். காலக் காப்பாத்தப் போயி தலைய விட்டுட்டியே புள்ள என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த நாள் கிளினிக்குக்குக் கிளம்பச் சொன்னார். விஷம் வைக்கிற ஆளோடு பஸ்ஸில் போகமாட்டேன் என்று நான் பிடிவாதம். அந்த மனுசன் நேரே போய் வீரம்மாவைக் கூட்டி வந்தார். அவளும் ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, வாங்க மதினி, நான் ஒங்களுக்கு வெசம் வைக்கிறதா இருந்தா எப்பவோ வச்சிருப்பேன் என்று சொல்லிக் கையைப் பிடித்து லிந்துலை பஸ்ஸில் ஏற்றினாள். அது எனக்கு நியாயமாகப் பட்டது.

கிளினிக்கில் டொக்டர் நோனா ஏன் மாத்திரையை நிறுத்தினீர்கள் என்று கேட்டார். நான் சும்மாதான் என்றேன். டொக்டரைக் கண்டால் எனக்குச் சும்மா, நல்லா இருக்கேன் என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் வராது. வீரம்மாவுக்குப் பொறுக்கவில்லை, அவளுக்குத் தெரிந்த சிங்களத்தில், பொய் சொல்றாங்க நோனா, இவங்க முப்பத்து நாலு கிலோ எடுக்குறாங்க என்றாள். அது என்ன வருத்தம், என்ன நோய் என்று டொக்டர் நோனாவுக்குப் புரியவில்லை, நல்லதுதானே என்றார். இல்லை நோனா, இப்படி என்று வீரம்மா எழும்பி என்னை மாதிரி நடித்துக் காட்டினாள். கதவு வரைக்கும் நடந்து, திரும்பி, கதிரையில் உட்கார்ந்து, துள்ளி எழும்பி, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி, வாயால் புஸ் புஸ் என்று மூச்சு விட்டு. நன்றாகவே செய்தாள், எத்தனை நாள் கவனித்திருக்கிறாள் பார். வெளியே நின்ற உதவியாளர் ஓடி வந்து வீரம்மாவின் கையைப் பிடித்து அமைதியாக இருங்கள் அம்மா என்றார். நான் நோயாளி இல்ல, அவங்கதான் என்று இவள் என்னைக் காட்ட, நான் மடியில் கையை வைத்துக்கொண்டு கோயில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

டொக்டர் நோனா சிரித்து முடித்துவிட்டு எனக்குத் தமிழில் மெதுவாகச் சொன்னார். இது பயமும் இல்லை, பேயும் இல்லை, உங்கள் வருத்தம் கூடினதும் இல்லை, மாத்திரையினால் வருகிற கால் ஓட்டம், நிறையப் பேருக்கு வருகிறது, வந்தால் எங்களிடம் சொல்ல வேண்டும், நாங்கள் அளவைக் குறைப்போம், வேறு மாத்திரை தருவோம், காலுக்கு என்று மருந்தும் இருக்கிறது, நீங்களாக மட்டும் நிறுத்தக்கூடாது என்றார். வேறு ஒரு மாத்திரையைச் சின்ன அளவில் ஆரம்பித்து, இரண்டு கிழமையில் வரச் சொன்னார். இரண்டு மாதமாக நான் ஒளித்து வைத்த விஷயத்துக்கு அவருக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது, இன்னும் பெரிய வருத்தமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

சங்கு வெறும் சங்காக மாற மூன்று கிழமை பிடித்தது. கால் இடையில் ஒருதரம் மெல்ல எட்டிப் பார்த்தது, இந்தத் தரம் போய்ச் சொன்னேன், ஒரு சின்ன மாத்திரை சேர்த்துக் கொடுத்தார்கள், அடங்கிவிட்டது. அப்பா போடுகிற தேத்தண்ணியைக் குடிக்கிறேன், சீனி மட்டும் கூடுதல், அது சந்தேகம் இல்லை, உண்மை. கொழுந்து பழையபடி பதினேழு கிலோ. ஏம்மா குறைஞ்சிருச்சி என்று கணக்கப்பிள்ளை கவலையாகக் கேட்டார், சுகமாயிட்டேன் ஐயா என்றேன்.

நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வருகிறேன் என்று இதைப் படித்ததும் போன் எடுப்பாய், வேண்டாம். வருகிற லீவுக்கு வந்தால் போதும். ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். நான் போனில் சுகம் சுகம் என்று சொன்ன வேகத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன், நீயும் அதே வேகத்தில்தான் நல்லா இருக்கேம்மா என்கிறாய். அங்கே உடம்புக்கோ மனசுக்கோ ஏதாவது இருந்தால், சாப்பிடுகிற மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால், டின்னுக்குள் போடாமல் சொல்லிவிடு. என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் வீரம்மாவிடம் சொல், அவள் நடித்தே காட்டுவாள்.

நுஸ்கியிடம் தேயிலைத்தூள் ஒரு கிலோவும், நெத்தலியும், உனக்குப் பிடித்த வறுத்த கடலையும் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு மறக்காமல் வீடியோவில் வா, போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறேன். நான் நடந்தால் சிக்னலா என்று கேட்காதே, காலா என்று கேள். காலும் தலையும் சொன்னபடி கேட்க, நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
இந்தக் கடிதத்தை நாலே நாலு தரம் மட்டும் எழும்பி எழுதி முடித்த
உன் அம்மா, மரகதவல்லி.

பி.கு.: போன மாதப் பரிசு வீரம்மாவுக்கு. முப்பத்தாறு கிலோ. அவள் ஒரு மாத்திரையும் போடுவதில்லை, வீட்டில் நாற்காலி இல்லை, அவ்வளவுதான்.